ஆர்கன் போனது, இசை நின்றது: சிக்கித்தோஸ் மிஷன் கோவில்கள் குறித்து ஒரு மறுபார்வை

பொலிவியாவின் கிழக்குச் சமவெளியில், சாந்தா குரூஸ் நகருக்கும் பிரேசில் எல்லைக்கும் நடுவே கிடக்கும் வட்டாரம் சிக்கித்தோஸ். சேசு சபையார் 1691இல் அங்கே முதல் ஊரை அமைத்தார்கள். 1767இல் அவர்கள் வெளியேற்றப்பட்டபோது பத்து ஊர்கள் நிலைத்திருந்தன. அவற்றுள் சான் ஹவியேர், கொன்செப்சியோன், சாந்தா அனா, சான் மிகேல், சான் ரஃபாயேல், சான் ஹோசே என்ற ஆறு ஊர்களின் கோவில்கள் 1990இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் ஆயின. இக்கோவில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். காட்டுக்குள் ஐரோப்பியப் பாதிரியார் ஆர்கனும் வயலினும் கொண்டுபோனார், பழங்குடிகள் இசையில் மயங்கி ஊரில் வந்து குடியேறினார்கள், ஸ்பெயின் மன்னர் பாதிரிமாரைத் துரத்தினார், இசை மாண்டது, இருநூறு ஆண்டு கழித்து இன்னோர் ஐரோப்பியர் வந்து செல்லரித்த இசைத்தாள்களைக் கண்டெடுத்தார், இசை பிழைத்தது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் நடுவில் உள்ள இருநூறு ஆண்டுகளை அது ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் எது அழிந்தது, எது நின்றது என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஆர்கன்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. கோவில்களும் வயலினும் இசைத்தாள்களும் நின்றன. ஆர்கன் கடைசிவரை மிஷனின் உடைமையாகவே இருந்ததும், மற்றவை பாதிரிமார் இருந்தபோதே ஊராரின் கைக்கு மாறிவிட்டதும்தான் இதற்குக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆள்கணக்கு. வெளியேற்றத்தின்போது பத்து ஊர்களிலும் சேர்த்து இருந்த சேசு சபையார் சுமார் 25 பேர். மக்கள் ஏறத்தாழ 24,000 பேர். ஊருக்கு இரண்டு குருக்கள், சில இடங்களில் மூவர். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தினமும் பூசை, மறைக்கல்வி, வயல்வேலை, கைத்தொழில், பாடல் பயிற்சி எல்லாவற்றையும் பாதிரிமாரே நடத்தினார்கள் என்று நம்ப முடியாது. ஊரை நடத்தியது கபில்தோ எனப்பட்ட உள்ளூர் அவை. பழங்குடித் தலைவர்களே அதன் உறுப்பினர்கள். நம் ஊர்க் கோவில்பிள்ளையும் உபதேசியாரும் பாடகர் குழுத் தலைவரும் பார்க்கும் வேலைகளையெல்லாம் அங்கே சிக்கித்தானோ எனப்பட்ட அவ்வட்டாரப் பழங்குடி மக்களே பார்த்தார்கள். பாடகர் குழுவை நடத்தியவரும், சிறுவர்களுக்கு இசைக்குறி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரும், தாள்களைப் படியெடுத்தவரும் ஊர்க்காரர்களே. இதைக் கவனிக்காமல் மிஷன் இசையைப் பற்றிப் பேசுவது கணக்குப் பார்க்காமல் வரவுசெலவு பேசுவது மாதிரி.

அந்த இசையின் தரத்தைப் பற்றி அக்காலத்து ரோமாபுரியே சாட்சி சொல்லியிருக்கிறது. சிக்கித்தோஸ் சேசு சபையின் பராகுவே மாநிலத்தைச் சேர்ந்தது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1749 பிப்ரவரியில் கோவில் இசை குறித்து ஒரு சுற்றுமடல் விடுத்தார். எந்த இசைக்கருவி பூசைக்குத் தகும், எது தகாது என்று வரையறுக்கும் மடல் அது. ஆர்கனுக்கு அதில் தலையிடம். அந்த மடலிலேயே, பராகுவே மிஷன்களில் பல குரலில் பாடும் வழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும், அங்கே பாடப்படும் பூசைக்கும் ஐரோப்பியப் பூசைக்கும் வேறுபாடு காண்பது அரிது என்பதையும் அவர் குறிப்பிடுகிறார். இதற்கு அவர் துணைகொண்டது இத்தாலிய அறிஞர் முராத்தோரி 1743இல் பராகுவே மிஷன்களைப் பற்றி வெளியிட்ட நூல். முராத்தோரி தென் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்தவர் அல்லர், சேசு சபையாரின் கடிதங்களை நம்பி எழுதியவர். ஆகவே புகழ்ச்சியைச் சற்றுக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு கழித்தாலும், கிடைத்திருக்கும் இசைத்தாள்களைப் பார்க்கும்போது மிச்சம் கணிசமாகவே இருக்கிறது.

ஆர்கன் கதையின் நாயகர் மார்ட்டின் ஷ்மித் என்ற சேசு சபைக் குரு. சுவிட்சர்லாந்தின் பார் என்ற ஊரில் 1694இல் பிறந்தவர். 1730இல் சிக்கித்தோஸ் வந்து சேர்ந்தார். கட்டடக் கலையையோ ஆர்கன் செய்யும் தொழிலையோ அவர் முறைப்படி பயின்றதில்லை. தேவை வந்தபோது கற்றுக்கொண்டவர். சான் ரஃபாயேல் கோவில் 1747 முதல் 1749 வரையிலும், சான் ஹவியேர் 1749 முதல் 1752 வரையிலும், கொன்செப்சியோன் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் அவர் பொறுப்பில் எழுந்தன. வயலின், யாழ், குழல் வகைகள், ஆர்கன் என்று கருவிகள் செய்யும் பட்டறைகளையும் அவர் நடத்தினார். ஊருக்கு எழுதிய கடிதமொன்றில், எல்லா ஊர்களிலும் தம் ஆர்கன்கள் முழங்குவதாகப் பெருமைப்பட்டுக்கொண்டார். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் கடிதத்தில் ‘நான்’ என்று எழுதப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு பட்டறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரு மனிதர் தம் ஐம்பதுகளில் மூன்று பெருங்கோவில்களை எழுப்பிக்கொண்டே, தம் கையால் ஊருக்கு ஊர் ஆர்கன் செய்து மாட்டினார் என்றால், மரம் இழைத்தவர்களும் தகரம் உருக்கியவர்களும் தோல் பதப்படுத்தியவர்களும் யார் என்ற கேள்வி தானாக வரும்.

அந்தக் கோவில்களின் கட்டுமானமே இதற்குப் பதில் சொல்கிறது. சான் ஹோசே மட்டும் கல் முகப்புடையது. மற்றவை மரமும் பச்சைச் செங்கல்லும். காட்டிலிருந்து வெட்டிய முழு மரங்களை நிறுத்தி, அவற்றின் மேலேயே கூரையின் பாரத்தை ஏற்றினார்கள். மண்சுவர் இடையை மறைப்பதற்கு மட்டுமே. சுவர் கரைந்தாலும் கூரை நிற்கும். தூண்களைக் கயிறு முறுக்கியதுபோலச் சுற்றிச் சுற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். ரோமாபுரியின் பரோக் பாணித் தூணைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் இங்கே அது ஒரே மரம். தாழ்வாக இறங்கும் அகன்ற கூரை வெயிலையும் சாரலையும் சுவரிலிருந்து தள்ளி வைக்கிறது. பொன்தகடு கிடைக்காத இடத்தில் அப்பிரகத்தைப் பதித்து மினுமினுக்க வைத்தார்கள். சான் ரஃபாயேலிலும் சாந்தா அனாவிலும் இதைக் காணலாம். மரம், மண், அப்பிரகம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை. முனை மக்கிய தூணை மாற்றவோ, கரைந்த சுவரை மீண்டும் பூசவோ வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை.

ஆர்கனின் நிலை அப்படியில்லை. துருத்தி காற்றை ஊதித் தள்ள, அது அடியிலுள்ள காற்றுப் பெட்டியில் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். வாசிப்பவர் விசையை அழுத்தினால் அதற்குரிய அடைப்பு திறந்து, காற்று அந்தக் குழலுக்குள் மட்டும் ஏற வேண்டும். எங்காவது மயிரிழை விரிசல் விழுந்தால், அழுத்தாத குழலும் முனகத் தொடங்கும். சிக்கித்தோஸில் ஆண்டில் பாதி சுடுவெயில், பாதி கனமழை. மரப்பெட்டி ஒரு பருவத்தில் சுருங்கும், மறு பருவத்தில் உப்பும். துருத்தித் தோலின் பசை ஈரத்தில் விட்டுப்போகும். தோலைப் பூச்சி அரிக்கும். இவற்றைக்கூட உள்ளூரில் சரிசெய்யலாம். குழல்தான் சிக்கல். நல்ல உலோகக் குழலுக்குத் தகரமும் ஈயமும் வேண்டும். அந்தச் சமவெளியில் அவை கிடைக்காது. பொத்தோசி போன்ற மலைநாட்டுச் சுரங்க ஊர்களிலிருந்து வர வேண்டும். மிஷன் நடந்தவரை அதற்கு வழி இருந்தது. சிக்கித்தோஸ் ஊர்களின் தேன்மெழுகும் பருத்தித் துணியும் சேசு சபையின் வணிகப் பொறுப்பாளர்கள் வழியாக மலைநாட்டுச் சந்தைக்குப் போயின. அந்தப் பணத்தில் உலோகமும் கருவிகளும் பிற சரக்கும் வந்தன. ஆகவே ஒவ்வொரு ஆர்கனுக்குப் பின்னாலும் ஒரு வணிகச் சங்கிலி இருந்தது. 1767இல் மூன்றாம் கார்லோஸ் மன்னரின் ஆணை அறுத்தது அதைத்தான்.

அதன் பிறகு என்ன நடந்தது? மறைமாவட்டக் குருக்கள் வந்தார்கள். அரசு அதிகாரிகள் வந்தார்கள். ஊர்களின் மெழுகும் துணியும் வேறு பைகளுக்குப் போயின. கபில்தோ மட்டும் கலையவில்லை. பாடகர் குழுவும் கலையவில்லை. பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பினி 1831இல் இந்த வட்டாரத்தில் பயணம் செய்தார். சேசு சபையார் போய் அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷ்மித்திடம் நேரில் பாடம் கேட்ட தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. அப்போதும் கோவில்களில் அவர் கேட்ட இசை அவரை வியக்கவைத்தது. பொலிவிய நகரங்களில் கேட்டதைவிட இதை உயர்வாக மதிப்பிட்டார். தோர்பினி மறைப்பணியாளரும் அல்லர், சேசு சபைக்கு வேண்டியவரும் அல்லர் என்பதால் அவர் சாட்சியத்துக்கு முராத்தோரியுடையதைவிட எடை அதிகம். கொன்செப்சியோன் ஆவணக் காப்பகத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தாள் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, வெளியேற்றத்துக்குப் பின் ஊர்க்காரர்கள் படியெடுத்தவை. தாள் கிழியும்போது புதிதாக எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் பாட்டு கிடைக்கும்; அதை அவர்கள் தொடர்ந்து செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தகரம் வெளியிலிருந்து வந்தது என்றால் தாளும் அப்படித்தானே வந்தது? தாள் நிலைத்து ஆர்கன் அழிந்ததற்கு வணிகம் எப்படிக் காரணமாகும்? நியாயமான கேள்வி. பதில் அளவில் இருக்கிறது. ஒரு பூசையின் வயலின் பகுதியை எழுதச் சில தாள்கள் போதும். எந்த வியாபாரியின் மூட்டையிலும் அது வந்துவிடும். ஒரு குழல் வரிசைக்கு வேண்டிய உலோகத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. இசைத்தாள் குரல் வாரியாகப் பிரிந்து கிடப்பது. ஒருவர் வீட்டில் இருந்தது எரிந்தாலும் இன்னொருவரிடம் உள்ளது மிஞ்சும். வயலின் ஒருவரின் கையில் இருப்பது. உள்ளூர்க் கேதுரு மரத்தில் உடல், ஆட்டுக் குடலில் நரம்பு, உடைந்தால் மறு வயலின். அது கோவிலுக்குள்ளும் ஒலிக்கும், திருவிழாப் பவனியிலும் போகும். ஆர்கன் ஒரே இடத்தில் நிற்பது. அதன் சாவி கோவில் பொறுப்பாளரிடம். பழுதானால் முழுவதும் ஊமை. பலர் கையில் சிதறிக் கிடந்தவை தப்பின, ஓரிடத்தில் குவிந்திருந்தது தப்பவில்லை. இந்தப் பாகுபாட்டின் முரண் ஒன்றையும் சொல்ல வேண்டும். கொன்செப்சியோன் தாள்களில் விசைப்பலகைக்கான இசையும் இருக்கிறது. ரோமாபுரியில் சேசு சபையின் தலைமைக் கோவிலில் ஆர்கன் வாசித்து, 1716இல் விசைப்பலகை நூல் வெளியிட்டு, மறு ஆண்டே தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய தொமெனிகோ ஸிபோலியின் படைப்புகளும் அவற்றில் உண்டு. அவர் 1726இல் கோர்தோபாவில் குருப்பட்டம் பெறாமலே இறந்தார். சிக்கித்தோஸில் அவர் கால் வைக்கவேயில்லை. வாசிக்கக் கருவி இல்லாமல் போன பிறகும் ஆர்கனுக்கான இசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தாளை அவர்கள் எப்படி மதித்திருக்க வேண்டும்!

அடுத்த மறுப்பு சாந்தா அனாவிலிருந்து வரும். அங்கே பழைய ஆர்கன் ஒன்று இன்றும் இருக்கிறது. ஷ்மித் அதைப் பொத்தோசியில் செய்வித்து, பிரித்து, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் சுமந்துவந்து பூட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆர்கன் அழிந்தது என்ற வாதத்தை இந்த ஒரு கருவி உடைத்துவிடாதா? உடைக்காது, கூர்ந்து பார்த்தால் இன்னும் வலுவூட்டும். சாந்தா அனா ஊர் அமைந்ததே 1755இல்தான். இன்று அங்கே நிற்கும் கோவில் சேசு சபையார் காலத்தது அன்று. அவர்கள் போன பிறகு, அவர்கள் பாணியிலேயே ஊர் மக்கள் எழுப்பியது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் இரண்டே வழிதான். ஆர்கன் சேசு சபையார் காலத்தது என்றால், செய்தவர் நாடு கடத்தப்பட்ட பிறகு அதைப் பழைய இடத்திலிருந்து கழற்றி, குழல் குழலாக அடையாளம் வைத்து, புதிய கோவிலில் மீண்டும் பூட்டிச் சுருதி கூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தது என்றால், அதைச் செய்யவே தெரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அறிவு பாதிரியாரோடு கப்பலேறிவிடவில்லை. அறிவு இருந்தும் மற்ற ஊர்களில் ஆர்கன் நிற்கவில்லை என்றால், குறை பொருளிலும் வணிகத்திலும்தான் இருந்தது. அந்தக் கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: தன்னைக் கட்டச் சொல்ல ஒரு சேசு சபைக் குருவும் இல்லாதபோது ஒரு ஊர் இவ்வளவு பெரிய கோவிலை எழுப்பியிருக்கிறது. உலக மரபுப் பட்டியலிலுள்ள ஆறில் இது ஒன்று. ‘சேசு சபைக் கோவில்கள்’ என்ற பொதுப் பெயருக்குள் இதையும் அடக்குவது எனக்கு உவப்பாக இல்லை.

குறை பொருளில்தான், அறிவில் அல்ல என்பதற்கு வெளியிலும் ஒரு சான்று உண்டு. அண்டை வட்டாரமான மோஹோஸிலும் சேசு சபை மிஷன்கள் இருந்தன. அங்கே சான் இக்னாசியோ ஊரில் பஹோன் என்றொரு கருவி இன்றும் திருவிழாவில் ஒலிக்கிறது. ஆளுயர நீளக் குழாய்களை வரிசையாகக் கட்டி ஊதுவார்கள். குழாய்கள் பனையோலையில் சுருட்டியவை. பெயர் ஐரோப்பியக் கீழ்ச்சுருதிக் காற்றுக் கருவியுடையது, வடிவம் பழங்குடிகளின் குழல் வரிசையுடையது. அடிச்சுருதி வேண்டும் என்ற தேவையை, வாங்க முடியாத மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் கையிலிருந்த ஓலையால் தீர்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மிஷன் ஊர் என்பது பல்வேறு இனக்குழுக்களை ஓரிடத்தில் குவித்து, பலமொழியினரை ஒரே மொழிக்குள் கொண்டுவந்து, மணியடித்து எழுப்பி, மணியடித்து வேலைக்கு அனுப்பிய அமைப்பு. இசை அந்த ஒழுங்கின் கருவி. ஊரில் குவிந்ததால் கொள்ளைநோய்கள் ஆளைக் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போயின. இந்த நிலையில் வயலின் வாசித்த பழங்குடியைப் பார்த்துப் பரவசப்படுவது, அடிமைப்பட்டவன் நன்றாகப் பாடினான் என்று மெச்சுவதாகாதா? ஆகும், அதோடு நின்றுவிட்டால். ஊருக்குள் வந்தவர்களில் பலர் இசைக்கு மயங்கி வரவில்லை. பிரேசிலிலிருந்து ஆள்பிடிக்க வந்த கும்பல்களுக்கும் சாந்தா குரூஸ் குடியேறிகளின் அடிமை வேட்டைக்கும் தப்ப வேறு புகலிடம் இல்லாமல் வந்தார்கள். இதை ஒப்புக்கொள்ளும்போதே, கட்டாயத்தின் கருவியாகத் தொடங்கிய இசை கட்டாயப்படுத்துபவர் போன பிறகும் ஏன் நின்றது என்று கேட்டாக வேண்டும். 1767க்குப் பிறகு பாடகர் குழுவைக் கலைத்துவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கலாம்; சிலர் போனார்கள். எஞ்சியவர்கள் வைத்துக்கொண்டார்கள். தங்களுக்கு எது வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவாக அதைப் படிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பர் வணிகம் பெருகி, கடனில் சிக்கிய ஆட்களை வடக்குக் காடுகளுக்கு இழுத்துச்சென்றபோதுதான் இந்தத் தொடர்ச்சி பலமாக அடிவாங்கியது. சபையாரின் வெளியேற்றத்தைவிட ரப்பரே கோவில் இசைக்குப் பெரிய எமன் என்பது என் கணிப்பு. கதை சொல்கிறவர்கள் ஏனோ அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, சுவிஸ் நாட்டவரான ஹான்ஸ் ரோத்தின் பங்கு. 1972இல் சான் ரஃபாயேல் கோவிலைப் புதுப்பிக்கக் குறுகிய காலத்துக்கென்று வந்தவர், 1999இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்திலேயே இருந்தார். உள்ளூர் தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் பட்டறைகள் அமைத்தார். இசைத்தாள்களைச் சேகரித்துக் காத்தார். அவர் இல்லாவிட்டால் இவை அழிந்திருக்கும் என்பது உண்மைதான். சிக்கித்தோஸிலேயே உள்ள இன்னொரு சான் இக்னாசியோவின் பழைய கோவில் 1948இல் இடிக்கப்பட்டதையும், அதனால் உலக மரபுப் பட்டியலில் அதற்கு இடமில்லாமல் போனதையும் நினைத்தால் அவர் தக்க காலத்தில் வந்தார் என்றே சொல்ல வேண்டும். கொன்செப்சியோனில் அவர் செய்தது பழுதுபார்த்தலா, புதிதாகக் கட்டியதா என்ற விவாதம் இருக்கிறது. புதுப்பித்த பகுதி மிக அதிகம் என்பதில் எனக்கும் ஐயமில்லை, ஆனால் மக்கிய தூணை மாற்றிக்கொண்டே வாழும் கட்டடத்துக்கு ஐரோப்பியக் கற்கோவிலின் அளவுகோல் பொருந்தாது. என் மறுப்பு, இசைத்தாள்கள் கிடைத்ததைக் ‘கண்டுபிடிப்பு’ என்று சொல்வதில்தான். அந்தத் தாள்கள் சான் ரஃபாயேலிலும் சாந்தா அனாவிலும் கோவில்களில் இருந்தன; யாரோ தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததால்தான் இருந்தன.

1996 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை இக்கோவில்களில் பன்னாட்டு பரோக் இசைவிழா நடக்கிறது. போலந்து நாட்டுக் குருவும் இசை ஆய்வாளருமான பியோத்ர் நவ்ரோத் தாள்களைப் பதிப்பித்துத் தருகிறார். ஊர்ப் பிள்ளைகளின் இசைக்குழுக்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மேடையில் வாசிக்கின்றன. பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றிச் சிக்கித்தானோ மொழியிலேயே எழுதப்பட்ட இசைநாடகம் ஒன்றும் மீட்கப்பட்டவற்றில் உண்டு. நம் முத்துக்குளித்துறையில் 1542இல் வந்திறங்கியவரின் கதையை அந்தக் காட்டு மொழியில் யார் எழுதினார் என்று பெயர் இல்லை. இந்த இசையை ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிறவர்கள் அட்டையில் ஸிபோலி பெயரையும் ஷ்மித் பெயரையும் பெரிதாகப் போடுகிறார்கள். போடட்டும். கூடவே ஒரு வரி சேர்க்க வேண்டும்: இத்தாள்களை எழுதி வைத்தவர்கள் சான் ரஃபாயேல், சாந்தா அனா ஊர்களின் சிக்கித்தானோ பாடகர்கள்.